அதிபருக்கு இரண்டு, வள்ளித்தாய்க்கு ஒன்பது

எங்கள் நாட்டில் ஒரு பிரச்சினையைத் தீர்க்க வேண்டாம் என்று முடிவாகிவிட்டால் அதற்கு ஒரு பட்டிமன்றம் வைத்துவிடுவார்கள். குடிநீர் உப்புக் கரித்தபோது, "குற்றம் குழாயிலா, குடிப்பவர் நாக்கிலா?" என்று வைத்தார்கள். நான் குழாய் அணி. எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய் அதே உப்புத் தண்ணீரைக் குடித்தோம். என் பெயர் ஜெபக்கனி. பட்டிமன்றம் பேசித்தான் சாப்பிடுகிறேன். எந்தப் பக்கம் கொடுத்தாலும் பேசுவேன். அதற்கு வெட்கப்படுவதை எப்போதோ விட்டுவிட்டேன்.

நாடு என்று நான் சொல்வது ஏழுதிட்டுக் குடியரசை. மன்னார் வளைகுடாவில் மணலைக் கொட்டி ஏழு திட்டுகளை ஒட்டவைத்து, தூத்துக்குடிப் பக்கத்து ஜனங்கள் குடியேறி, பிறகு சும்மா இருக்க முடியாமல் தனிக்கொடியும் ஏற்றிக்கொண்ட இடம். உப்பும் மீனும் கப்பலில் போக வேண்டும், அரிசி கப்பலில் வர வேண்டும். அவ்வளவுதான் எங்கள் பொருளாதாரம். இதைக் கட்டிக்காக்க ஓர் அதிபர், அவருக்கு முன்னும் பின்னும் ஓட ஒரு கார் வரிசை.

அந்த வருடம் எல்லாம் சரிந்தது. திடீரென்று ஒருநாள் ஜனங்கள் கூட்டுறவு வங்கியில் போய்ப் பணத்தை எடுக்க ஆரம்பித்தார்கள். வங்கி மூச்சுத் திணறி, வாரத்துக்கு ஆளுக்கு இவ்வளவுதான் என்று கையை விரித்தது. அரிசிக் கப்பல்காரன் ரொக்கம் கேட்டான். மீன் கம்பெனிகள் மூடின. அரிசி விலையைக் கேட்டால் பசி தானாகவே அடங்கியது. "எல்லாம் இந்த ஆளால் வந்தது" என்றது எதிர்க்கட்சி. "ஓர் அதிபரால் பொருளாதாரத்தில் என்ன செய்துவிட முடியும், உலகமே இப்படித்தான் இருக்கிறது" என்றார் அதிபர் பால்வண்ணன். தேர்தலுக்கு முன்னால், எல்லாம் தன்னால்தான் முடியும் என்று சொன்னவரும் அவரேதான்.

இந்த வழக்கைத் தீர்க்க வந்தது கிளாட்வினின் மிஷின். திட்டில் ஒவ்வொருவரும் என்ன வாங்கினார், யாரோடு பேசினார், எங்கே நின்றார் என்பதெல்லாம் கையில் கட்டியிருக்கும் அடையாளப் பட்டை வழியாக அரசாங்கத்துக்கு வந்துகொண்டே இருக்கும். பொறியாளர் கிளாட்வின் அத்தனையையும் சேர்த்து ஒரு பொம்மை நாட்டை மிஷினுக்குள் ஓட்டினான். அதிலிருந்து ஓர் ஆளை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினால், அந்த ஆள் இல்லாவிட்டால் நாடு எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்துவிடும். அந்த வித்தியாசம்தான் அவர் பங்கு. அதற்கு அரசாங்கம் வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்தது. ஜனங்கள் "இல்லாட்டி மிஷின்" என்றார்கள்.

எதிர்க்கட்சி துள்ளிக் குதித்தது. நாட்டின் வீழ்ச்சியில் யாருக்குப் பெரும்பங்கோ அவர் நாட்டைவிட்டுக் கப்பலேற்றப்படுவார் என்று ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். "அதிபர்" என்று எழுதாமல் "யாருக்கோ" என்று எழுதினார்கள். பெருந்தன்மையாம். அதிபர் கட்சி மறுபேச்சில்லாமல் ஆதரித்தது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

முடிவை அறிவிக்கவும் பட்டிமன்றம்தான். "பொருளாதாரத்தை ஆட்டிவைப்பது அதிபரா, மக்களா?" நேரடி ஒளிபரப்பு. நான் "அதிபரே" அணி. நடுவர் பேராசிரியர் குற்றாலிங்கம். இவர் வாழ்நாளில் ஒரு பக்கமாகத் தீர்ப்புச் சொன்னதில்லை. "இரண்டு கையும் தட்டினால்தான் ஓசை" என்று முடித்து, இரண்டு பக்கமும் பொன்னாடை வாங்கிக்கொண்டு போய்விடுவார். அன்றைக்கு மிஷின் கொடுத்த எண்ணை வாசிப்பதைத் தவிர அவருக்கு வழியில்லை. மாமியார் நகைச்சுவை ஒன்றைச் சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தார்.

"அதிபர் பால்வண்ணன் அவர்களின் பங்கு, இரண்டு சதவீதம்."

ஆளுங்கட்சிக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். நாட்டைக் கெடுக்கக்கூட இவருக்குத் துப்பில்லை என்று ஒரு மிஷின் சொல்கிறது, அதற்கு மாலை போட்டார்கள். அவரும் குனிந்து வாங்கிக்கொண்டார்.

"பெரும்பங்கு, ஒன்பது சதவீதம். வள்ளித்தாய், நாலாம் திட்டு. தொழில், தையல்."

"யாருய்யா அது?" என்று நடுவரே ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டார். எனக்குத் தெரியும். நான் மேடையில் போட்டிருந்த ரவிக்கை அவள் தைத்தது.

மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் வேடிக்கை பார்க்க வந்த பாதி ஊர். ஒன்பது சதவீதம் எப்படி இருப்பாள் என்று பார்க்க வந்திருந்தார்கள். அவள் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து யாருக்கோ காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். மகள் பிரமிளா உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒம்பது சதவீதம்னா நெறையவா?"

"அதிபரைவிட நாலரை மடங்கு."

"அந்த ஆள நான் நேருல பாத்ததுகூட இல்லையே."

"பேங்குல பணத்தை எடுத்தியா?"

"எடுத்தேன். எம் பணந்தான." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பிரமிளாவுக்கு ஒரு எடம் அமைஞ்சிருக்கு. நல்ல எடம். நகைக்கும் பாத்திரத்துக்கும் வேணும்னு கணக்கையே முடிச்சிட்டு வந்தேன். வாசல்ல நம்ம ஸ்டெல்லாக்கா நின்னாவ. மொத்தத்தையும் எடுத்துட்டியா வள்ளின்னாவ. ஒண்ணுமில்லக்கா, சும்மாதான்னேன்."

"சும்மாதான்னு சொன்னியா?"

"பின்ன, கல்யாணம்னு சொல்ல முடியுமா? மின்ன ரெண்டு எடம் வெளிய சொல்லித்தான தட்டிப்போச்சு. பூ வைக்கிற வரைக்கும் மூச்சு விடக்கூடாதுன்னு மாப்ள வீட்டுலயும் சொல்லிட்டாவ. அவளுக்கு முப்பத்தி மூணு ஆவுது. இனிமேலும் கண்ணு பட்டா தாங்குமாக்கா?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நல்ல காரியத்தை ஒளித்துவைப்பது எங்கள் ஜனத்தின் ரத்தத்தில் ஊறியது. கடன் வாங்கினால் ஊருக்கே சொல்லுவோம், வரன் வந்தால் பெற்ற தாயிடமும் மறைப்போம். வள்ளித்தாய், வங்கி மேனேஜர் மனைவிக்கு ரவிக்கை தைக்கிறவள். அவள் கணக்கை முடித்துவிட்டுச் "சும்மாதான்" என்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? "மேனேஜர் வீட்டுல ஏதோ பேச்சு காதுல விழுந்திருக்கு" என்று ஸ்டெல்லா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். சாயங்காலத்துக்குள் வங்கி வாசலில் வரிசை.

"தை பொறந்ததும் மொதக் கப்பல்ல ஏறணுமாம்" என்றாள் வள்ளித்தாய். "தை கடைசில முகூர்த்தம். அவ அப்பாவும் இல்ல. பெத்தவ இல்லாத கல்யாணம் எங்களுக்கு வேண்டாம்னு மாப்ள வீட்டுல சொல்லிட்டாவ. நான் எங்கன வேணும்னாலும் போறேன்க்கா. கல்யாணம் முடிஞ்ச மறுநாளு போறேன். அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

கிளாட்வினிடம் போனேன். பல்லைக் கிட்டவைக்கும் குளிரில் மிஷினை வைத்து, அதன் பக்கத்தில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கெட்டவன் இல்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிப் பழகிய படிப்பாளி.

"ஏம்பா, அந்த மொத நாளு சாயங்காலம் நிருபர்கள் அதிபர்கிட்ட, பேங்க் நல்லாத்தான் இருக்கான்னு கேட்டாங்களே. அவரு என்ன சொன்னாரு?"

"உரிய துறை கவனித்துக்கொள்ளும்னு சொன்னாரு."

"பேங்குல பணம் இருந்துச்சா, இல்லையா?"

"இருந்துச்சுக்கா. தாராளமா இருந்துச்சு."

"பணம் இருக்கு, பயப்படாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா?"

"அன்னைக்கே நின்னிருக்கும்."

"அப்போ அது அவரு பங்கு இல்லையா?"

கிளாட்வின் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தான். "மிஷின் ஆளை எடுத்துட்டுத்தான் பாக்கும். பால்வண்ணனை எடுத்தா அந்த நாற்காலில துணை அதிபர் உக்காருவாரு. அவரும் அதே வாக்கியத்தைத்தான் சொல்லுவாரு. அது செயலகத்துல டைப் அடிச்சு வச்சிருக்கிற வாக்கியம். ஒண்ணுமே செய்யாதவரை எடுத்துட்டா ஒண்ணுமே மாறாதுல்லாக்கா."

"அப்புறம் அந்த ரெண்டு சதவீதம் எங்கேருந்து வந்துச்சு?"

"அவரு கார் போகும்போது மீன் லாரியெல்லாம் நிறுத்தி வைப்பாங்கல்ல. அதுல கெட்டுப்போன மீனு."

இப்படித்தான் எங்கள் நாட்டில் நீதி அளக்கப்பட்டது. தையல்காரி ஒரு காரியம் செய்தாள், அதனால் அவளுக்குப் பங்கு உண்டு. அதிபர் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை, அதனால் அவருக்கு மாலை. சோம்பேறிக்கும் திருடனுக்கும் இதைவிட நல்ல மிஷினை எவனும் கண்டுபிடிக்க முடியாது. இதைக் கிளாட்வினிடம் வாய்விட்டே சொன்னேன். அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். "அவங்க எடுத்ததுனால விழுந்துச்சு. அவங்களே திரும்பப் போட்டா?" என்று விசைப்பலகையைத் தட்டிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "ஏறுதுக்கா."

கிளாட்வின் போய்ச் சொன்னதும் அதிபர் உடனே ஒத்துக்கொண்டார். வள்ளித்தாய் ஊர் பார்க்க வங்கிக்குப் போய்ப் பணம் கட்ட வேண்டும். கட்டினால் கப்பலேற்றும் உத்தரவு "பரிசீலிக்கப்படும்." அவளிடம் இருந்ததெல்லாம் நகையாகவும் பாத்திரமாகவும் மாறிவிட்டதால், கட்டவேண்டியதை ஒரு பையில் போட்டு அதிபர் அலுவலகமே கொடுத்தனுப்பியது. கனமான பை. உள்ளே எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

பட்டுச்சேலை கட்டிக்கொண்டு பையோடு போனாள். ஸ்டெல்லா வழக்கம்போல வாசலில் இருந்தாள். "என்ன வள்ளி, பையும் கையுமா?"

"போடத்தான் வந்தேன்க்கா. வீட்டுல வச்சிருக்கப் பயமா இருக்கு."

ஸ்டெல்லாவுக்கு அதற்கு மேல் கேட்க நேரமில்லை, ஓடிவிட்டாள். மேனேஜர் வீட்டுத் தையல்காரியே திரும்பப் போடுகிறாள் என்றால் சும்மாவா? மத்தியானத்துக்குள் பணம் எடுக்கிற வரிசையைவிடப் போடுகிற வரிசை நீளமாகிவிட்டது. மார்கழி முடிவதற்குள் அரிசிக் கப்பல்காரன் கடனுக்கு இறக்க ஆரம்பித்தான். மீன் கம்பெனிகள் திறந்தன. கடைத்தெருவில் மறுபடி பேரம் பேசும் சத்தம் கேட்டது.

அதோடு சுவரொட்டிகளும் வந்தன. "சரிந்த நாட்டை நிமிர்த்திய சிற்பி." படத்தில் பால்வண்ணன் விரலை நீட்டிக்கொண்டிருந்தார், எதைக் காட்டுகிறார் என்று அவருக்கே தெரியாது. இறங்கும்போது ஓர் அதிபரால் என்ன செய்ய முடியும் என்று கேட்டவர், ஏறும்போது ஒற்றைக் கையால் தூக்கிவிட்டார். விழாவுக்கு நாள் குறித்தார்கள். விழாவில் பட்டிமன்றம்: "நாட்டின் எழுச்சிக்குக் காரணம் அதிபரின் அறிவா, உழைப்பா?" எனக்கு உழைப்பு அணி.

வள்ளித்தாய்க்கும் பரிசீலனையின் முடிவு வந்து சேர்ந்தது. சட்டம் அனைவருக்கும் பொது, முதல் கப்பலில் ஏறவும்.

நான் கிளாட்வினைத் தேடிப் போய்ச் சத்தம் போட்டேன். "எழுச்சிக்கு யாரு காரணம்னு மிஷின்ல போடுடா."

"சட்டத்துல வீழ்ச்சின்னுதான்க்கா இருக்கு. எழுச்சியப் பத்திப் பேச்சே இல்ல."

"நீ போட்டுப் பாக்காம இருந்திருக்க மாட்ட."

அவன் கதவைப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னான். "அவங்களுக்கு முப்பது."

"அதிபருக்கு?"

"மைனஸ்ல வருது. சுவரொட்டி ஒட்டுறதுக்கு லாரியெல்லாம் பிடிச்சிட்டாங்க."

"இத வெளிய சொல்லுவியா?"

"எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்குக்கா" என்றான். அதற்கு மேல் அவனைத் திட்ட எனக்கும் வாய் வரவில்லை. மறுநாள் காலை நானும்தான் மேடையேறப் போகிறேன்.

ஏறினேன். அதிபர் முன் வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். "நடுவர் அவர்களே, அதிபர் உறங்குவதே இல்லை, அவர் உறங்கினால் நாடு உறங்கிவிடும்" என்று நான் கூசாமல் அளந்துகொண்டிருந்தபோது, அரங்கில் யாருக்கோ சேதி வந்து கைப்பட்டை சிணுங்கியது. பிறகு நாலைந்து. ஒருவர் எழுந்து போனார். அவர் பின்னால் ஒரு வரிசையே எழுந்தது. "அன்பர்களே, தீர்ப்பு இன்னும் சொல்லலையே" என்று குற்றாலிங்கம் கெஞ்சினார். கேட்பாரில்லை. கிளாட்வின் ஓடிவந்து அதிபரின் காதில் ஏதோ சொன்னான். அவர் கால்மேல் போட்டிருந்த காலை இறக்கினார். நான் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு மேடையிலிருந்து இறங்கி ஓடினேன்.

வள்ளித்தாய் வங்கிப் படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு காலிப் பை. அவ்வளவுதான். யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் ஸ்டெல்லா பாஸ்புத்தகத்தோடு அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஸ்டெல்லாவுக்குப் பின்னால் நாலாம் திட்டு, அதற்குப் பின்னால் மூன்றாம் திட்டு. வரிசை கடைத்தெருவைத் தாண்டிப் போனது. வங்கிக் கதவு இன்னும் திறக்கவில்லை. உள்ளே மேனேஜர் ஜன்னல் திரையை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிபரின் கார் வரிசை இந்த வரிசைக்குள் நுழைய முடியவில்லை. அவர் இறங்கி வெயிலில் நடந்து வந்தார். அவர் நடந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"தாயே, உங்களுக்கு என்ன குறை?"

அவள் மரியாதையாக எழுந்து நின்றாள். "ஒரு குறையும் இல்லய்யா. பேங்க் எப்போ தொறப்பாவன்னு பாத்துட்டிருக்கேன்."

"எதற்காக?"

"ஊரவிட்டுப் போவச் சொல்லிட்டிய. போறவ கணக்க முடிச்சிட்டுத்தானய்யா போணும்?"

பால்வண்ணன் வரிசையைப் பார்த்தார். வரிசை அவரைப் பார்க்கவில்லை, அவளுடைய பையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கிளாட்வினைப் பார்த்தார். மறுபடி விழும் என்று கிளாட்வின் தலையை ஆட்டினான். அந்த மனிதருக்கு அந்த நிமிடம் இரண்டு சதவீதம் என்றால் என்னவென்று புரிந்திருக்கும்.

"உத்தரவை ரத்து செய்கிறேன்" என்றார்.

"எழுதிக் குடுத்துருங்கய்யா."

கிளாட்வின் குனிந்து முதுகைக் காட்ட, அதன்மேல் தாளை வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். வள்ளித்தாய் எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஒருமுறைக்கு இருமுறை படித்தாள். பிறகு பையை மடித்து இடுக்கிக்கொண்டு, "தையல் வேல கெடக்குக்கா, இன்னொரு நாளு பாத்துக்கலாம்" என்று ஸ்டெல்லாவிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். வங்கி திறப்பதற்கு முன்பே வாசல் காலியாகிவிட்டது. நான் அழுதுவிட்டேன். மேடையில் வரவழைக்கும் அழுகை இல்லை அது.

வீட்டுக்குச் சேர்ந்து நடந்தோம். பின்னாலேயே பத்திருபது பேர், கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டு வந்தார்கள். நான் அவள் காதோடு கேட்டேன். "அந்த ஆளு மசியலைன்னா என்ன செஞ்சிருப்ப? உள்ள போயி அம்புட்டையும் எடுத்திருப்பியா?"

"எதையக்கா எடுக்க? எனக்கு அங்கன கணக்கே கெடையாதே."

"அன்னைக்குக் கட்டுன பணம்?"

"அந்தப் பையில பழைய பேப்பருல்லா இருந்துச்சு. மேனேஜரு உள்ள வாங்கிவச்சு, டீ குடுத்து அனுப்பிட்டாரு."

நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். ஒரு நாடு பழைய பேப்பரால் எழுந்து, காலிப் பைக்கு நடுங்கியிருக்கிறது. இதற்கு அறிவா உழைப்பா என்று நான் மைக் பிடித்திருக்கிறேன். என்மேல் எனக்கே காறித் துப்பலாம் போலிருந்தது.

அவள் என் கையைப் பிடித்து நடக்கவைத்தாள். இப்போது சாதாரணக் குரலிலேயே பேசினாள். "பூ வச்சாச்சு, இனி மறைக்க ஒண்ணுமில்ல. முகூர்த்தச் சேலை மட்டும் நீங்க எடுத்துத் தந்துருங்கக்கா. முந்தாநாளு நான் கடையில அரைக் கிலோ துவரம்பருப்பு வாங்கினேன். சாயங்காலம் திட்டுல பருப்பே இல்லாமப் போச்சு. சேலைக் கடைக்குள்ள நான் காலு வச்சா அப்புறம் அந்த வெலைய என்னால குடுக்க முடியாது. பிரமிளாவுக்கு வாடாமல்லி கலரு வேணும். சின்னக் கரை. பத்து வருசமா கேட்டுக்கிட்டு இருக்கா."

"நீ இல்லாம எப்படிடி உன் மகளுக்கு முகூர்த்தச் சேலை எடுக்க?"

"நீங்க நாலு சேலைய விரிச்சுப் பாத்து எடுங்க. உங்களுக்குக் கட்டுற மாதிரி பளபளன்னு எடுத்துராதிய" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையிலேயே போனேன். கடைக்காரர் எல்லா அலமாரியையும் திறந்து காட்டினார். சிவப்பு இருந்தது, மஞ்சள் இருந்தது, நீலம் இருந்தது.

"வாடாமல்லி மட்டும் இல்லம்மா" என்றார். "நேத்து ராத்திரி கடை சாத்தறதுக்குள்ள தீந்துருச்சு. வள்ளித்தாய் கேட்ட கலராம்ல."

அடுத்த கடையிலும் அதையே சொன்னார்கள். இருந்ததில் ஒரு பச்சையை எடுத்துக்கொண்டு வந்தேன். பிரமிளாவுக்குப் பச்சை பிடிக்காது.